அக்கா மௌனத்தில் இருந்த மாதம்

1

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எப்போதும் பிந்தும். பழி என்னில்தான். இங்கே பாரிஸ் புறநகரில் நான் சோற்றை இறக்கி வைக்கிற நேரம், திருகோணமலையில் பின்னேரத் தேத்தண்ணி நேரம். அந்த நேரம் பார்த்து அக்கா கோல் எடுப்பா. குசினிக் கதிரையில் இருந்து நான் கதைக்கத் தொடங்கினால், என் மனிசன் தானே கோப்பையில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுவார்.

அக்கா என்றால் சிஸ்டர் ரெஜினா. இளவயதில் கன்னியர் மடத்துக்குப் போனவ. மன்னார், மட்டக்களப்பு என்று சபை அனுப்பின இடமெல்லாம் பள்ளிக்கூடம் நடத்தி, கடைசியாக எங்கள் திருகோணமலையிலேயே அதிபராக இருந்து ஓய்வு பெற்றவ. நாங்கள் இரண்டே இரண்டு பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்கு ஊர் என்று மிஞ்சிக் கிடக்கிறது அந்தக் குரல் ஒன்றுதான்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தக் குரல் சொன்னது:

"அடுத்த கிழமையில இருந்து ஒரு மாதம் கோல் எடுக்க ஏலாது ஜெசி. மௌனத் தியானம். போன் எல்லாம் வாங்கி வைச்சிடுவினம்."

"ஒரு மாதமோ? அதென்ன, தண்டனையோ?"

"தண்டனை இல்லையடி. புதுப்பித்தல் பயிற்சியில அதுவும் ஒரு பகுதி."

வைக்கப்போகிறா என்று நினைத்தேன். இல்லை.

"ஜெசி, எனக்குச் செபம் வருகுதில்லை."

"காய்ச்சலோ?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"காய்ச்சலெண்டால் மருந்து இருக்குதே. வார்த்தைப்பாடு குடுத்து இந்த வருசம் நாற்பது. தியானம் முடிய எல்லாருக்கும் முன்னால நிண்டு திருப்பிச் சொல்லவேணும். சொல்லுவனோ எண்டு எனக்கே தெரியேல்ல."

அங்கே மணி அடித்தது. "மணி அடிச்சிட்டுது, வைக்கிறன்" என்று வைத்துவிட்டா. ஏழைமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்றையும் கடவுளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவ, அதைத் திரும்பச் சொல்லுவேனோ தெரியாது என்கிறா. சொல்லிவிட்டு ஒரு மாதம் வாயையும் பூட்டிக்கொண்டா.

இனி என்னைக் கேட்க வேணுமோ? உலை மூடி விழுந்தாலே ஊரில் யாருக்கோ என்னவோ என்று பயப்படுகிற ஆள் நான்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்குப் புதுப்பித்தல் என்றதும் என்ன நினைவு வருமோ தெரியாது. இங்கே எங்களுக்கு அது வதிவிட அட்டை. முடிகிற திகதிக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே நெஞ்சு இடிக்கத் தொடங்கும். கணினியில் நேரம் பதியப் போனால் இடமில்லை என்று சொல்லும். இடம் கிடைத்துப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் கேட்கிறது விளங்காது. விளங்காததுக்கெல்லாம் நான் சிரித்துக்கொண்டு "ஓம் மதாம்" என்று பிரெஞ்சில் சொல்லுவேன். ஒருமுறை "மொழி வகுப்புக்குப் போக மறுத்தீர்களா?" என்று கேட்டதுக்கும் அதையே சொல்லி, பக்கத்தில் இருந்த மகள் மெலனி என் காலில் மிதித்தாள்.

ஆகையால் அக்கா முதன்முதல் "என்னைப் புதுப்பித்தலுக்கு அனுப்பியிருக்கினம்" என்றபோது, புதுப்பிக்காவிட்டால் வெளியே போட்டுவிடுவார்களோ என்றுதான் கேட்டேன். அக்கா சிரித்துச் சிரித்து இருமினா.

அவ விளங்கப்படுத்தின அளவில் எனக்கு விளங்கினது இதுதான். துறவற சபைகளில் படிப்பு முடிகிறதே இல்லை. உள்ளே போன புதிதில் ஒரு பயிற்சி. பிறகு ஆசிரியர் கலாசாலை, பட்டம், இந்தியாவில் ஒரு வருடம். வருடா வருடம் எட்டு நாள் தியானம். ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டார்கள். அரை வருடம் ஓரிடத்தில் வைத்து, வேதாகமம் படி, மூப்பு வருகிறதைப் படி, மற்றவர் சொல்லுகிறதைக் கேட்கப் படி, உன்னையே திரும்பிப் பார் என்று இருத்துவார்களாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிப்பென்றால் ஒரு வயதில் தொடங்கி ஒரு வயதில் முடிகிற சாமான் என்று நினைத்திருந்தவள். அறுபது தாண்டிய கன்னியர் பள்ளிக்கூட வாங்கில் வரிசையாக இருக்கிறதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

எங்கள் ஊருக்கே அனுப்பியிருந்தார்கள். உட்துறைமுகம் தெரிகிற மேட்டில் இருக்கிற தியான இல்லம். முதல் மாதங்களில் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கதை முழுக்க முறைப்பாடு.

"பள்ளிக்கூடம் நடத்தினவளிட்ட கலர்ப் பென்சில் தந்து, உங்கட வாழ்க்கையை ஒரு ஆறாக் கீறுங்கோ எண்டு சொல்லுறாள் ஒரு பிள்ளை. முப்பது வயசும் இராது."

"கீறினீங்களோ?"

"பள்ளிக்கூடம் ஒண்டு கீறினன். பக்கத்தில கிணறு. 'ஆறு எங்க சிஸ்டர்?' எண்டு கேட்டாள். 'தண்ணி கிணத்துக்குள்ள கிடக்கு' எண்டு சொன்னனான்."

அப்போது இரண்டு பேரும் சிரித்தோம். மௌனம் தொடங்கின பிறகு அந்தக் கிணறு எனக்கு நித்திரையில் வந்தது.

3

கோல் வராத முதல் ஞாயிறு நேரத்துக்குச் சாப்பிட்டோம். இவருக்குப் பெரிய சந்தோசம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சாப்பிடுமன்."

"அவ மடத்தை விட்டு வந்தால் எங்க போவா?"

"ஆர் வாறது?"

"அக்கா. எங்கள விட்டால் அவவுக்கு ஆர் இருக்கினம்? அறுபது தாண்டின மனிசி, ஒரு சாமானும் தன்ர பேரில இல்லை."

இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அவ ஒண்டும் சொல்லாமல் நீர் ஏன் விமானம் ஏத்துறீர்?" என்றார். ஆண்களுக்கு வாயால் சொல்லுகிறது மட்டும்தான் காதில் விழும்.

இரண்டாவது ஞாயிறு பொறுக்க ஏலவில்லை. தியான இல்லத்து நம்பரையே எடுத்தேன். வாசல் பார்க்கிற சிஸ்டர் லில்லி எடுத்தா.

"சிஸ்டர் ரெஜினா மௌனத்தில இருக்கிறா. கூப்பிட ஏலாது."

"கூப்பிட வேண்டாம் சிஸ்டர். சாப்பிடுறாவோ?"

"ஓம், நல்லாச் சாப்பிடுறா."

"நித்திரை கொள்ளுறாவோ?"

"பக்கத்து அறையில நான்தான். குறட்டை கேக்குது."

"அழுகிறாவோ?"

"அது இங்க எல்லாரும் அழுகிறதுதான்" என்று சொன்னா, ஏதோ எல்லாருக்கும் சளி, தடிமன் என்கிற மாதிரி.

அன்றைக்கே மெலனியின் அறையை ஒதுக்கத் தொடங்கினேன். மெலனி பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட சிநேகிதிகளோடு வாடகைக்குப் போய்விட்டாள். கிழமைக்கு ஒருக்கால் வருவாள் என்றது மாதத்துக்கு ஒருக்காலாகிப் போனது. சுவரில் இருந்த பாட்டுக்காரரின் படங்களைக் கழற்றி, சிலுவை ஒன்று மாட்டினேன். அலுமாரியில் இரண்டு தட்டுக் காலியாக்கினேன். கட்டிலில் தலையணையோடு சாய்த்து, அக்கா அதிபராக இருந்தபோது எடுத்த படம்.

மெலனி வந்து கதவில் நின்றாள்.

"அம்மா, ஏன் என்ட கட்டிலில பெரியம்மா இருக்கிறா?"

"ஒருவேளை வந்தால் எண்டு..."

"பெரியம்மா வேலையை விடுறாவா?"

"அது வேலை இல்லையடி."

"அப்ப என்ன?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பாசையிலும் தெரியவில்லை.

"நான் ரெண்டு தரம் படிப்பு மாத்தினேன். நீங்க ஒண்டும் சொல்லேல்ல தானே?"

"ஒண்டும் சொல்லேல்லையோ? ஒரு மாதம் நித்திரை இல்லாமக் கிடந்தனான்!"

"அதுதான். நித்திரை கொள்ளேல்ல. ஆனா ஒண்டும் சொல்லேல்ல." கட்டிலில் இருந்து படத்தை எடுத்துப் பார்த்தாள். "பெரியம்மா வரப்போறாவா, இல்லாட்டி நீங்க வரட்டும் எண்டு ஆசைப்படுறீங்களா?"

கோயில் பக்கம் இப்போது போகாத பிள்ளை. ஆனால் கேள்வி மட்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து குருவானவர் கேட்கிற மாதிரிக் கேட்கும்.

4

தியானம் முடிகிற கிழமையில் ஊரில் நிற்க வேணும் என்று முடிவெடுத்தேன். வார்த்தைப்பாட்டைத் திருப்பிச் சொன்னால் பக்கத்தில் நிற்கலாம். சொல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு வரலாம்.

நான் வேலை செய்கிறது ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில். லீவு கேட்கிறதும் இப்போது கணினியில்தான். மெலனி வந்து செய்து தந்தாள். குடும்ப நிகழ்வு என்று அமத்தினால் மூன்றே மூன்று வருகிறது: பிறப்பு, இறப்பு, திருமணம். அக்காவின் நாற்பதாம் வருடத்தை எந்தப் பெட்டிக்குள் போடுவது? நான் யோசித்துக்கொண்டிருக்க, மெலனி திருமணத்தை அமத்திவிட்டாள்.

"பொய்யெல்லோ!"

"நீங்கதானே சொன்னீங்க, பெரியம்மா கடவுளைக் கலியாணம் கட்டினது எண்டு."

அடுத்த நாள் எங்கள் பொறுப்பாளர் மதாம் என்னைப் பிடித்துக்கொண்டா. சகோதரிக்குக் கலியாணமாமே, மணமகளுக்கு என்ன வயது? அறுபத்திரண்டு என்றேன். மதாம் கையைத் தட்டினா. மாப்பிள்ளை யார்? என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு சபை, வார்த்தைப்பாடு என்றெல்லாம் விளங்கப்படுத்த ஏலுமோ? "பழைய ஆள்தான். நாற்பது வருடத்துக்கு முதல் கட்டினவர். திரும்பக் கட்டுகிறா" என்றேன்.

சலவை அறை முழுக்கச் சிரிப்பு. அதே ஆளையோ, நல்ல துணிச்சல்தான் என்று அல்ஜீரியாக்காரி என் முதுகில் தட்டினாள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பூச்சாடி வாங்கித் தந்தார்கள். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, துணி அடுக்குகிற தட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மணமகள் வருவாவோ என்று தெரியாத கலியாணத்துக்கு நான் பரிசு வாங்கி நிற்கிறேன்.

அன்று பின்னேரம் கடைக்குப் போய், நீலத்தில் ஒன்றும் சாம்பலில் ஒன்றுமாக இரண்டு பிளவுஸ், ஒரு நீளப் பாவாடை, ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். அக்காவின் அளவு எனக்குக் கண்ணில் இருக்கு. நாள் முழுக்கக் கிழவிமாரின் உடுப்பு மடிக்கிறவள் நான். மடத்தை விட்டு வருகிறவ வெள்ளை உடுப்போடும் முக்காட்டோடுமோ விமானத்தில் வருவா? பெட்டியின் அடியில் வைத்து, மேலே சொக்கிலேட்டைப் பரப்பினேன்.

5

அக்கா மடத்துக்குப் போன நாளை நான் அடிக்கடி நினைக்கிறதில்லை. அந்த மாதம் நினைத்தேன்.

அப்பா துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். அக்காவின் தகரப் பெட்டியை அவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மடத்து வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "சரி பிள்ளை" என்று சொன்னார். அவர் அவவைப் பிள்ளை என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் கடைசி. பிறகு வார்த்தைப்பாடு எடுத்து அக்கா வீட்டுக்கு வந்தபோது, அப்பா கதிரையை விட்டு எழும்பி, "வாங்கோ சிஸ்டர், இருங்கோ" என்றார். பெற்ற பிள்ளைக்கு நீங்கள் போட்டுக் கதைத்தார். அம்மாவும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மடத்துக்குப் பிள்ளை கொடுத்த வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். அக்காவுக்குத் தனிக் கோப்பை, தனிக் கதிரை. மீன் தலை அவவுக்கு உயிர். சிஸ்டருக்குத் தலையைப் போடுகிறதோ என்று அம்மா நடுத்துண்டைத்தான் போடுவா. அக்கா என் கோப்பையில் கிடக்கிற தலையைப் பார்த்துக்கொண்டே நடுத்துண்டைச் சாப்பிடுவா.

அவ போனபிறகு வீட்டில் கை குறைந்துபோனது. அம்மாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். எட்டாம் வகுப்போடு நான் நின்றேன். யாரும் நில் என்று சொல்லவில்லை. ஒருநாள் போகாமல் விட்டது இரண்டு நாளாகி, பிறகு அப்படியே போய்விட்டது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வருடங்களில் அக்கா சோதனை சோதனையாகப் பாஸ் பண்ணினா. எனக்கு அவவில் கோபம் இருந்ததில்லை. ஆனால் ஒன்று இருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஒரு பெரிய காரியத்துக்காக என்று நினைத்திருந்தேன். இப்போது அவ அந்தக் காரியத்தையே தெரியேல்ல என்று சொன்னால், நான் எதுக்காக விட்டேன்?

இதை இவருக்குக்கூடச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன்.

6

கொழும்பிலிருந்து பகல் பஸ். கந்தளாய்க் குளம் கடந்தபோதே காலைச் செருப்புக்குள் நுழைத்து ஆயத்தமாகிவிட்டேன். இறங்க இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது.

மௌனம் அதுக்கு முதல்நாள்தான் முடிந்திருந்தது. அக்கா வாசலுக்கே வந்து நின்றா. மெலிந்திருந்தா. என்னைக் கட்டிப்பிடித்து, "ஒரு மாதம் பேசாமல் இருந்ததில தொண்டை பிடிச்சுப்போச்சு" என்றா. குரல் கரகரத்தது. அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒரு கட்டில், ஒரு மேசை, யன்னலுக்கு வெளியே துறைமுகம். சொக்கிலேட்டை எடுக்கிறேன் என்று பெட்டியைத் தானே திறந்தா. நான் மறிக்கிறதுக்கு முதல் கை அடியில் போய்விட்டது.

நீல பிளவுஸைத் தூக்கிப் பிடித்தா.

"இதாருக்கு?"

"உங்களுக்கு" என்றேன்.

அக்கா பிளவுஸைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. ஏசப்போகிறா என்று நினைத்தேன். முக்காட்டைக் கழற்றி மேசையில் வைத்தா. நரைத்த மயிர், கட்டையாக வெட்டியிருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது அது கறுப்பு. வெள்ளை உடுப்புக்கு மேலாலேயே பிளவுஸைப் போட்டு, பொத்தானைப் பூட்டி, யன்னல் கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. அந்த அறையில் முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை.

"அளவு சரியா இருக்கு."

"அக்கா..."

"பொறு. பாக்கிறன்."

பார்த்து முடித்துக் கட்டிலில் வந்து இருந்தா, பிளவுஸோடேயே.

"முதல் கிழமை முழுக்க நான் கடவுளுக்கு அறிக்கை வாசிச்சனான் ஜெசி. அப்பத்தான் பிடிபட்டுது. இத்தனை வருசமும் நான் அவரோட கதைச்சதெல்லாம் பள்ளிக்கூடக் கதை. கிணறு வத்திப்போச்சு, கணக்குக்கு ரீச்சர் இல்லை, மதில் இடிஞ்சுபோச்சு. இப்ப பள்ளிக்கூடம் இல்லை. அவரோட கதைக்க எனக்கு ஒண்டுமில்லை. நான் ஆரைக் கட்டினனான் எண்டு யோசிச்சுப் பார், அவரையோ பள்ளிக்கூடத்தையோ?"

வெளியே மூதூர்ப் பக்கம் போகிற படகொன்றின் இரைச்சல் கேட்டது.

"ரெண்டாம் கிழமை நான் இங்க இருக்கேல்ல. உன்ர வீட்டில இருந்தனான், மனசில. மெய்யாத்தான். உன்ர குசினியில மீன் வெட்டிக் குடுத்தனான். தலையை எனக்கு எடுத்து வைச்சனான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அறை ஒதுக்கி வைச்சிருக்கிறன் அக்கா" என்றேன்.

"செய்திருப்பாயெண்டு தெரியும். கேள் மிச்சத்தை. மூண்டாம் நாள் மெலனியை எழுப்ப மணி அடிக்கத் தொடங்கிட்டன். உன்ர மனிசனுக்கு நேரசூசி எழுதிச் சுவரில ஒட்டினன். உன்னைப் பிரெஞ்சு வகுப்புக்குத் துரத்தினன். எங்க போனாலும் பள்ளிக்கூடம்தான் நடத்துவன் போல கிடக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவ சிரித்து முடித்து மூக்கைத் துடைத்தா.

"பிறகு?"

"பிறகு ஒருநாள் களைச்சுப்போய், ஒண்டும் சொல்லாமல் தேவாலயத்தில சும்மா இருந்தன். அவரும் ஒண்டும் சொல்லேல்ல. யன்னலுக்கால கோதுமைக் கப்பல் ஒண்டு வந்து நிண்டுது. அதைப் பாத்துக்கொண்டு இருந்தம்."

"பிறகு?"

"பிறகென்ன, சாப்பாட்டு மணி அடிச்சுது."

"அப்ப முடிவு?"

பிளவுஸைக் கழற்றினா. என்னிடம் திருப்பித் தரவில்லை. மடித்து மேசையில் முக்காட்டுக்குப் பக்கத்தில் வைத்தா. "நாளையிண்டைக்குத்தானே விழா. வைச்சிட்டுப் போ, பாப்பம்."

பாப்பமாம். அந்த இரண்டு நாளும் நான் விருந்தாளி அறையில் கிடந்து செபமாலையை உருட்டின உருட்டில் மணி தேய்ந்திருக்கும்.

7

அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம். வார்த்தைப்பாட்டு ஆண்டுவிழாவில், பூசை நடுவில் மாகாணத் தலைவி பீடத்துப் படியில் நின்று கேட்பா: "சிஸ்டர், நீர் கேட்பது என்ன?" முன்னால் தனியாக எழும்பி நின்று பதில் சொல்ல வேணும். பதில் எழுதி வைத்தது, எல்லாருக்கும் ஒன்றுதான். அக்கா முதன்முதல் சொன்னபோது கோயில் ஓடு அதிர்ந்தது என்று அப்பா துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்.

"சிஸ்டர் ரெஜினா, நீர் கேட்பது என்ன?"

அக்கா எழும்பி நின்றா. சொல்லவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு இருமல். பிறகு விசிறியின் சத்தம் மட்டும். ஒலிவாங்கி இல்லாமல் பள்ளிக்கூடக் கேற்வரைக்கும் குரல் போகிற மனிசி, கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறா. சொல்லுங்கோ அக்கா என்று ஒரு பக்கம் மனம் அடிக்கிறது. சொல்லாதேயுங்கோ, வாங்கோ, அறை கிடக்கு என்று மற்றப் பக்கம் அடிக்கிறது. கடவுளுக்கு முன்னால் இருந்துகொண்டு இரண்டையும் கேட்டேன். மெலனி கேட்டதுக்கு அங்கேதான் எனக்குப் பதில் தெரிந்தது. அந்த அறையை நான் அக்காவுக்காக மட்டும் ஒதுக்கவில்லை.

அக்கா தலையை நிமிர்த்தினா.

"இறைவனின் இரக்கத்தையும், இந்தச் சபையில் சாகும்வரை வாழும் வரத்தையும் கேட்கிறேன்."

கடைசி வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்டிராது. அவ்வளவு சின்னக் குரல். கடையில் கடனுக்குச் சாமான் கேட்கிற ஆளின் குரல்.

பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனோம். கோழிக்கறிச் சட்டியோடு வந்தா சமையல் செய்கிற பாக்கியம். மேலில் என் நீல பிளவுஸ். கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கம்.

"இது... ஆர் தந்தது?"

"உங்கட அக்கா சிஸ்டர்தான் தந்தவ. நேத்துப் பின்னேரம். வடிவா இருக்கெல்லோ?"

நேற்றுப் பின்னேரமோ! நான் நேரே அக்காவிடம் போனேன்.

"நேத்தே முடிவெடுத்திட்டீங்கள் எண்டால், அங்க நிண்டு ஏன் என்ர உயிரை எடுத்தனீங்கள்?"

அக்கா கோழிக்காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "பாடமாக்கினதை ஒப்புவிச்சுப் போடுவன் எண்டு பயந்திட்டன் ஜெசி. முதல் தரம் அப்பிடித்தான் ஒப்புவிச்சனான். உண்மையாக் கேக்கிறதெண்டால் எப்பிடி எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

8

நான் வெளிக்கிட்ட அன்றைக்கே அக்காவுக்கும் பயணம். கப்பல்துறை என்கிற கிராமத்தில் சபைக்கு ஒரு சின்ன வீடு இருக்கு, மூன்று பேர். அங்கே போடச் சொல்லி அக்கா தானே கேட்டிருக்கிறா. பொறுப்பு ஒன்றும் வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறா. அந்த வீட்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் நிரோஷா கூட்டிக்கொண்டு போக வந்து நின்றா. அக்காவிடம் ஏழாம் வகுப்பில் படித்த பிள்ளை.

"சிஸ்டர், தங்கச்சியை பஸ் ஏத்திப்போட்டு வரட்டோ?" என்று அக்கா கேட்டா.

அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துபோனது. "ஐயோ சிஸ்டர், என்னட்டயோ கேக்கிறீங்கள்? உங்கட்ட நான் அடி வாங்கினனான்!"

"அது போன மாதம் வரைக்கும் நல்லா ஞாபகம் இருந்தது. இப்ப நீங்கள் சொல்லவேணும். எத்தினை மணிக்கு வரட்டும்?"

"ரெண்டரைக்கு... வெளிக்கிடுவமோ?" என்று நிரோஷா கேட்டுவிட்டு, கேட்கக்கூடாதென்று நினைவு வந்து, "ரெண்டரைக்கு வாங்கோ" என்றா.

பஸ்ராண்ட் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அக்கா ஊதி ஊதிக் குடித்தா. பக்கத்துச் சனத்தோடு கதைக்கச் சிங்களம் படிக்கப் போகிறாவாம். அடுத்த கிழமையில் இருந்து சமைக்கிற தன் முறையும் வருமாம்.

"ஒண்டு கேக்கவேணும் உன்னட்ட. சம்பல் எப்பிடியடி இடிக்கிறது?"

"சம்பலோ?"

"மடத்தில எனக்குக் குசினி தந்ததே இல்லை. படிப்பிக்கத்தான் விட்டவை."

நான் சொன்னேன். செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடிக்க வேணும், பிறகு வெங்காயம், தேங்காய்ப்பூ கடைசியில், தேங்காய்ப்பூ போட்ட பிறகு கனக்க இடிக்கக் கூடாது, எண்ணெய் விட்டுவிடும், தேசிக்காயை அடுப்படியில் பிழியாமல் மேசைக்குக் கொண்டுபோகிற நேரம் பிழிய வேணும். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னா. வெங்காயத்தை இரண்டு தரம் பிழையான இடத்தில் போட்டா. நான் திருத்தினேன்.

"எத்தினை மிளகாய்?"

"சாப்பிடுறவையைப் பொறுத்து."

"அப்பிடிச் சொன்னால் எனக்கு விளங்காது."

"மூண்டு பேருக்கு ஆறு போடுங்கோ. உறைச்சால் அடுத்த நாள் அஞ்சு."

கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினா. பஸ் எடுக்க இன்னும் நேரம் கிடந்தது. "பஸ் வெளிக்கிடும்வரைக்கும் நில்லுங்கோவன்" என்றேன்.

"ரெண்டரை எண்டவ."

"பத்து நிமிசம் பிந்தினால் அந்தப் பிள்ளை என்ன செய்யப்போகுது?"

"ஒண்டும் செய்யாது. அதுதான்" என்று சொல்லி, என் தலையில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு நடந்தா. ஓட்டோ பிடித்துத் தரட்டோ என்று கேட்டதுக்குத் திரும்பாமலே கையை ஆட்டினா.

பஸ் வெளிக்கிட்டுக் கண்டி வீதியில் கொஞ்சத் தூரம் போக, வீதிக்கரையில், தியான இல்லத்துக்குப் போகிற பக்கம், அக்கா தெரிந்தா. வெயிலுக்குள், காற்றுக்கு முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கெதியாக நடக்கிறா. பஸ் அவவைத் தாண்டுகிற நேரம் முகம் தெளிவாகத் தெரிந்தது. தனக்குள்ளே எதையோ சொல்லிக்கொண்டு போகிறா. உதடு அசைந்தது. செபமோ, மிளகாய்க்குப் பிறகு வெங்காயமோ, எனக்குத் தெரியாது.

கையைக் கண்ணாடி வரைக்கும் கொண்டுபோய்விட்டு, தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.